அவர் திறந்து பார்க்காத நோட்டு

எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்டு எங்கள் குடும்ப டாக்டரிடம் போன மாதம் போயிருந்தேன். பையில் ஒரு நீல அட்டை நோட்டு. 11 வருடமாக வாரம் ஒருமுறை எடை பார்த்துத் தேதி போட்டு எழுதி வைத்தது. அதை அவர் மேசையில் வைத்தேன். பேசிக்கொண்டே தன் பேனாவை அதன்மேல் வைத்தார். அவ்வளவுதான். திறக்கவில்லை.

“வயிற்றை வெட்டிக்கொள்கிற அளவுக்கு உனக்கு என்னம்மா வந்துவிட்டது? வாயைக் கொஞ்சம் கட்டு, தினமும் நட. ஆறு மாதம் கழித்து வா, பார்க்கலாம்.”

எனக்கு ஒன்பது வயதில் அம்மை போட்டபோது பார்த்தவர் அவர். அம்மாவுக்கு மூச்சுத் திணறியபோது நடுராத்திரியில் வீட்டுக்கு வந்தவர். மோசமான டாக்டர் என்று சொல்ல எனக்கு மனம் வராது. அதனால்தான் வலி இன்னும் அதிகம்.

என் உயரம் 158 சென்டிமீட்டர், எடை 97 கிலோ. உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பிஎம்ஐ கணக்கு கிட்டத்தட்ட 39. ஒன்பது வருடமாகச் சர்க்கரை. இரண்டு மாத்திரை போட்டும் மூன்று மாதச் சராசரி 8.4. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதால் முகமூடி மாட்டிக்கொண்டுதான் படுக்கிறேன். 1991-லேயே அமெரிக்காவில் வகுத்த வழிகாட்டுதல், பிஎம்ஐ 40 இருந்தாலோ, 35-க்கு மேல் இருந்து இப்படி நோய்கள் சேர்ந்திருந்தாலோ அறுவை சிகிச்சையைப் பரிசீலிக்கலாம் என்றது. 2022-ல் அறுவை மருத்துவர் சங்கங்கள் அதையும் தளர்த்தி, 35 என்றால் வேறு நோயே இல்லாவிட்டாலும் பரிந்துரைக்கலாம் என்றன. ஆசியர்களுக்கு அந்த அளவு இன்னும் குறைவு. பழைய கணக்கோ புதிய கணக்கோ, இரண்டிலும் நான் வருகிறேன்.

வாயைக் கட்டவில்லையா நான்? அந்த நோட்டில் இருப்பதே அதுதான். முதல் தடவை எட்டு மாதத்தில் 14 கிலோ இறங்கியது. அடுத்த ஒன்றரை வருடத்தில் 16 ஏறியது. இப்படி மூன்று முறை. எடை இறங்கினால் பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் கூடுகிறது, உடல் செலவழிக்கும் சக்தியும் குறைந்துபோகிறது. ஒரு வருடம் கழிந்தும் அந்தப் பசி பழைய நிலைக்குத் திரும்புவதில்லை என்று அளந்தே காட்டியிருக்கிறார்கள். ஸ்லீவ் என்ற எடைக்குறைப்பு அறுவை சிகிச்சையில் இரைப்பையில் ஏறக்குறைய 80 சதவீதத்தை எடுத்துவிடுகிறார்கள். கிரெலின் அதிகம் சுரக்கும் மேல்பகுதியும் அதோடு போய்விடும். வயிறு சின்னதாவது மட்டும் இல்லை, பசியே மாறுகிறது.

இது சுலபமான வழி என்று நான் நினைக்கவில்லை. ஆயுசுக்கும் வைட்டமின் மாத்திரை, வருடா வருடம் ரத்தப் பரிசோதனை, பி12-ம் இரும்புச்சத்தும் குறையும் அபாயம், பித்தப்பைக் கல், சிலருக்கு மறுபடி எடை ஏறுவது, எல்லாம் படித்துவிட்டுத்தான் போனேன். இவற்றில் ஒன்றைச் சொல்லி மறுத்திருந்தால் உட்கார்ந்து கேட்டிருப்பேன். அவர் என்னை எடை மெஷினில் ஏறச் சொல்லக்கூட இல்லை.

பிரஷர் மட்டும் பார்த்தார். கையில் சுற்றிய பட்டை காற்று ஏறியதும் சர்ரென்று பிரிந்துகொண்டது. இன்னொரு தடவை சுற்றி, பிரியாமல் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தபடி பம்ப் அடித்தார். 152-க்கு 96. ஒரு மாத்திரையைக் கூட்டி எழுதினார். கைக்குச் சின்னதான பட்டையில் பார்த்தால் பிரஷர் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும் என்பது எனக்கு அப்போது தெரியாது.

அப்புறம் கிளம்பிவிட்டேன். மறுக்கிற காரணத்தை என் ஃபைலில் எழுதி வையுங்கள் என்று கேட்க வாய் வரவில்லை. கேட்டிருக்க வேண்டும். உங்களுக்கு இப்படி நடந்தால் தயவுசெய்து கேளுங்கள். வேறு டாக்டரிடம் போவது துரோகம் இல்லை. எனக்கு இது புரிய மூன்று வாரம் ஆனது.

இரண்டாவதாகப் பார்த்த டாக்டர் முதலில் என் கையின் சுற்றளவை டேப்பால் அளந்தார். அடுத்த அறைக்குப் போய் அகலமான பட்டை ஒன்றை எடுத்து வந்தார். 134-க்கு 84. பிறகு நோட்டைக் கையில் எடுத்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். நடுவில் ஓரிடத்தில் நிறுத்தினார்.

“இங்கே நாலு மாதம் ஒன்றும் எழுதவில்லையே?”

“அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தார் டாக்டர்.”

தலையசைத்தார். மேற்கொண்டு கேட்கவில்லை. மீதிப் பக்கங்களையும் கடைசி வரை பார்த்துவிட்டு, லெட்டர் பேடை இழுத்து எழுத ஆரம்பித்தார்.