சிவப்பு உருண்டையும் பச்சைத் தண்டும்

பிப்ரவரி 9
நர்சரியில் மூன் கேக்டஸ் வாங்கினேன். கீழே மூன்று விளிம்புள்ள பச்சைத் தண்டு, உச்சியில் எலுமிச்சை அளவுக்கு ரத்தச் சிவப்பில் ஒரு முள்ளுருண்டை. மஞ்சளும் ஆரஞ்சும்கூட இருந்தன. சிலவற்றின் தலையில் காய்ந்த பூவைப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள், அவற்றைத் தொடவே இல்லை. நிறத்தைப் பார்த்ததைவிடத் தண்டின் அடியை அமுக்கிப் பார்த்ததுதான் அதிகம். கெட்டியாக இருந்தது, சரி, எடுத்தாயிற்று.

அத்தைக்குப் பிடிக்கவில்லை. “முள்செடியைப் போய் யாராவது வீட்டுக்குள்ள வைப்பாங்களாம்மா?”
“பால்கனியிலதான் அத்தை.”

பிப்ரவரி 10
தொட்டியில் வெறும் தென்னை நார்த்தூள்தான் இருந்தது. உதறிவிட்டு, செம்மண்ணும் பாதிக்குமேல் பருமணலும் கலந்து மாற்றினேன்.

அந்தச் சிவப்பு உண்மையில் ஒரு குறை. பராகுவே பக்கத்துக் கள்ளி இனம் அது. பச்சையமே இல்லாமல் முளைத்த கன்று. தனக்குத் தேவையான உணவை அதனால் தயாரிக்க முடியாது, மண்ணில் வைத்தால் செத்துப்போகும். 1941-இல் ஜப்பானில் வாதனாபே என்பவர் தம் நாற்றுகளுக்கு நடுவே இப்படிச் சிவந்த கன்றுகளைக் கண்டு, வேறு கள்ளியின் மேல் ஒட்டுக்கட்டிப் பிழைக்க வைத்தார். இப்போது தென்கொரியாவில் பெரிய ஏற்றுமதித் தொழில். கீழே இருக்கும் தண்டு பெரும்பாலும் நம் டிராகன் பழக் கொடிதான். சமைத்துப் போடுவது அது, ஆகவே கவனிக்க வேண்டியதும் அதைத்தான்.

ஏப்ரல் 27
வெயில். காலை ஒன்பது, ஒன்பதரை வரை படட்டும்; அப்புறம் வெளிச்சமான நிழல். உச்சி வெயிலில் சிவப்பு வெளிறி வெந்துவிடும். இருட்டு மூலையில் வைத்தாலோ தண்டு பட்டினி. தண்ணீருக்கு ஊதுபத்திக் குச்சிதான் கணக்கு: செருகி எடுத்தால் மண் ஒட்டக் கூடாது.

ஜூன் 15
தண்டின் விளிம்பில் பச்சைத் துளிர். கிள்ளிப் போட்டேன்.
“துளிர்த்தா சந்தோஷப்படாம கிள்ளுறியே!” என்றார் அத்தை. அவர் சொல்வதும் நியாயம்தான். ஆனால் விட்டால் சத்தெல்லாம் டிராகன் கொடிக்கே போய்விடும், உருண்டை சுருங்கும்.

ஆகஸ்ட் 3
இந்த ஜோடிக்கு ஆயுள் குறைவு. தண்டும் உருண்டையும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. சில வருடங்களில் இணைப்பு விட்டுப்போகும். சிவப்பில் குட்டிகள் புடைத்திருந்ததால், தாம்பரம் சித்தப்பா மொட்டை மாடியிலிருந்து டிராகன் தண்டு ஒன்று வாங்கி, வேர்விட வைத்திருந்தேன்.

இன்று கட்டினேன். பிளேடை ஸ்பிரிட்டில் துடைத்து, தண்டைக் குறுக்கே ஒரே இழுப்பில் வெட்டி, மூன்று விளிம்புகளையும் சரிவாகச் சீவினேன். சீவாவிட்டால் காயும்போது நடுப்பகுதி குழிந்து உருண்டையைத் தூக்கிவிடும். வெட்டிய இடத்தில் வழவழவென்று சாறு, நடுவில் வெளிறிய சின்ன வளையம், நீரும் சத்தும் ஏறும் வழி அதுதான். வெட்டியெடுத்த சிவப்புக் குட்டியின் அடியிலும் அதேபோல் இன்னும் சின்னதாக ஒன்று. இரண்டும் எங்காவது தொட்டாக வேண்டும் என்பதால் குட்டியைக் கொஞ்சம் ஓரமாக நகர்த்தி வைத்தேன். தொட்டியின் அடியோடு சேர்த்து ரப்பர் பேண்ட் குறுக்கும் நெடுக்குமாக. நிழலில் இருக்கிறது.

ஆகஸ்ட் 14
பேண்டைக் கழற்றினேன். விரலால் லேசாகத் தள்ளினால் அசையவில்லை. பிடித்துக்கொண்டது!

அக்டோபர் 22
மழை. சாரல் படாமல் இரண்டையும் கூடத்து ஜன்னலுக்கு மாற்றியாயிற்று. தண்ணீர் அறவே இல்லை. பழைய ஒட்டின் இடுக்கில் வெள்ளையாக மாவுப்பூச்சி; பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன்.

சித்தப்பாவுக்கு மஞ்சள் உருண்டை வேண்டுமாம், தண்டுகூடத் தயார் என்கிறார். மழை போய் வெயில் ஏறட்டும், பிப்ரவரி கடைசியில் கட்டலாம் என்றேன். இந்த ஈரக் காற்றில் வெட்டிய இடம் காய்வதற்குள் அழுகிவிடும்.