குன்னூர்ல ஒரு பழைய எண்ணூறு: நாட்குறிப்பு

நவம்பர் 3, 2024, ஞாயிறு

வண்டி வீட்டுக்கு வந்தாச்சு. 2008 மாடல் மாருதி 800, வெள்ளை, 71,000 கிலோமீட்டர் ஓடியிருக்கு. 15 வருஷம் முடிஞ்சதும் பழைய ஓனரே ஆர்.சி.ய ரினியூ பண்ணிட்டார், அதனால 2028 வரைக்கும் அந்தப் பேச்சே இல்ல. வாங்குனது அப்பாவுக்காகத்தான். ரெண்டு கண்ணுலயும் புரை, ஒண்ணு ஆபரேஷன் முடிஞ்சுது இன்னொண்ணு பாக்கி, மாசம் ஒருக்காவாவது கோயம்புத்தூர் எறங்கியே ஆகணும். போன மாசம் பஸ்ல ஒவ்வொரு ஹேர்பின்னுக்கும் அவர் முன் சீட்டுக் கம்பிய ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிச்சுட்டு உக்காந்திருந்தார், அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன்.

வாங்குறதுக்கு முன்னாடி அருவங்காடு வழியா ஊட்டி ரோட்டுல ஏறித்தான் ஓட்டிப் பார்த்தேன். 796 சிசி, மூணு சிலிண்டர், 37 குதிரைசக்தி, அதுக்கு நல்லாவே இழுக்குதுன்னு சந்தோஷமா வந்து சொன்னேன். அப்பா 31 வருஷம் லாரில தேயிலை ஏத்திட்டுப் போனவர். அவர் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான், "எறக்கத்துல எப்படி நிக்குதுன்னு பார்த்தியா கண்ணு?"

பாக்கல.

நவம்பர் 9, சனி

இன்ஜின் நல்லா ஆறின பிறகு ரேடியேட்டர் மூடியத் தொறந்து பார்த்தேன். கூலண்ட்டே இல்ல, செங்கல்லக் கரைச்ச மாதிரி துருத்தண்ணி. குழாய்த்தண்ணிய ஊத்தி ஊத்தியே ஓட்டியிருக்காங்க. மூடியோட ரப்பர் காஞ்சு வெடிச்சிருந்தது. குன்னூர் கிட்டத்தட்ட 1,850 மீட்டர் உயரம், இங்க தொறந்த பாத்திரத்துல தண்ணி 94 டிகிரிலயே கொதிச்சிடும், அந்த மூடி பிரஷர பிடிச்சு வச்சாத்தான் அதுக்கு மேல தாங்கும், அதனால 100, 200 ரூபா மூடிதானேன்னு விடக்கூடாது.

மெக்கானிக் அண்ணன் ஹவுசிங்கக் கழட்டிப் பார்த்தா தெர்மோஸ்டாட்டே இல்ல. ஏறும்போது சூடாகுதுன்னு யாரோ எப்பவோ எடுத்து எறிஞ்சிருக்காங்க. தெர்மோஸ்டாட்ங்கறது இன்ஜின் சூடு 82 டிகிரி பக்கம் வர்ற வரைக்கும் தண்ணிய ரேடியேட்டருக்கு விடாம நிறுத்தி வைக்கிற ஒரு சின்ன வால்வு. அது இல்லன்னா நம்ம ஊர் குளிருக்கு இன்ஜின் சூடேறவே ஏறாது, கம்ப்யூட்டரும் இன்ஜின் இன்னும் சில்லுன்னுதான் இருக்குன்னு நெனச்சு பெட்ரோல அதிகமா விட்டுட்டே இருக்கும். லிட்டருக்கு 11 கிலோமீட்டர்தான் கொடுத்ததுக்குக் காரணம் இதுதான்! ரேடியேட்டர ஃப்ளஷ் பண்ணி, புது தெர்மோஸ்டாட், புது மூடி, ஹோஸ் கிளிப் நாலு, கூலண்ட் பாதி டிஸ்டில்டு வாட்டர் பாதி. சூடாகுதுன்னா ஏன் சூடாகுதுன்னு பார்க்கணும், இருக்கற பார்ட்டப் பிடுங்கி எறியறதெல்லாம் ரிப்பேர் இல்ல.

நவம்பர் 16, சனி

கை இன்னும் லேசா நடுங்குது, ஆனா இன்னிக்கே எழுதிடறேன்.

அப்பாவோட கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குக் காலைல 7 மணிக்குக் கெளம்புனோம். காட்டேரி பார்க் தாண்டி மழைத் தூறல், முன்னாடி ஒரு டூரிஸ்ட் வேன் நிறுத்தி நிறுத்திப் போயிட்டிருந்தது, நான் மூணாவது கியர்ல பிரேக்க மிதிச்சபடியே பின்னாடி போனேன். தப்பு என்னுதுதான். அப்பா ரெண்டு தடவ "கியர எறக்கு"ன்னார், நான் "மெதுவாத்தானேப்பா போறேன்"ன்னுட்டேன். மரப்பாலம் தாண்டுனதும் கருகுன வாடை. பர்லியாறுக்குக் கொஞ்சம் முன்னாடி ஒரு வளைவுல பெடல் வழக்கமா நிக்கிற எடத்துல நிக்கல, ஸ்பாஞ்ச மிதிச்ச மாதிரி கீழ போச்சு. ரெண்டாவது மிதிக்குப் பாதிதான் பிடிச்சுது. அப்பா சத்தம் போடல. "பம்ப் பண்ணு, ரெண்டுக்கு வா, ஒண்ணுக்கு வா, கேண்ட்பிரேக்கக் கொஞ்சம் கொஞ்சமா இழு, மலை ஓரமா ஒதுக்கு"ன்னு வரிசையா, லாரி ஓட்டுற காலத்துல கிளீனருக்குச் சொன்ன மாதிரியே சொன்னார். வண்டி நின்னுது. அவரே எறங்கி, முட்டுக் கொடுக்க ஒரு கல்லத் தேடி எடுத்துட்டு வந்து பின் டயருக்கு வச்சார், ஒரு கண்ணு சரியாத் தெரியாத மனுஷன்.

முக்கால் மணி நேரம் ஆற விட்டோம். பெடல் திரும்ப கெட்டியாச்சு. நான் மேட்டுப்பாளையம் கிட்டத்தானேன்னேன், அப்பா விடல. "ஏத்தத்துக்கு பிரேக் அதிகம் வேண்டியதில்ல, இன்ஜின் இழுத்துக்கும், மேல திரும்பிடு." திரும்பிட்டோம். ஆஸ்பத்திரிக்கு ஃபோன் பண்ணி தேதி மாத்திக்கிட்டேன்.

நவம்பர் 23, சனி

நாள் பூரா ஒர்க்‌ஷாப்லதான். நாலு வீலும் கழட்டியாச்சு. முன்னாடி டிஸ்க், அதோட பேட் தகடு வரைக்கும் தேஞ்சிருக்கு. பின்னாடி ட்ரம், வலது பக்க ட்ரம்மத் தட்டி எடுத்ததும் உள்ள பூரா ஈரம், வீல் சிலிண்டர் கசிஞ்சு, ட்ரம்ம உள்ளேர்ந்து அழுத்திப் பிடிக்கிற பிரேக் ஷூ மேலயே ஆயில் படிஞ்சு மைமாதிரி ஆயிருக்கு. அந்த ஷூவ மண்ணெண்ணெய்ல கழுவிப் போடலாமான்னு பக்கத்துல நின்ன ஒருத்தர் கேட்டார், அண்ணன் பதிலே சொல்லாம குப்பைல போட்டார், எனக்கு அவர் மேல அப்பதான் முழு நம்பிக்கை வந்துச்சு.

அப்புறம் பிரேக் ஆயில். வீல்ல இருக்கற ஏர் எடுக்கற நிப்பிள்ல உள்ள ஓடுறது தெரியற ஒரு டியூப மாட்டி, மறுமுனைய தண்ணி பாட்டில்ல விட்டு வச்சார். நான் உள்ள உக்காந்துட்டு அவர் சொல்றபடி மிதிக்கணும். "மிதிங்க டீச்சர்... பிடிச்சுக்கங்க... ம், விடுங்க." பெடல மிதிச்சா ஆயிலத் தள்ளி விடற மாஸ்டர் சிலிண்டர்லேர்ந்து தூரமா இருக்கற வீல்ல ஆரம்பிச்சு கிட்ட இருக்கறதுல முடிக்கணும். டியூப்ல மொதல்ல வந்தது டிகாஷன் கலர்ல, நடுநடுவுல சின்னச் சின்ன காத்துக் குமிழி. கதவத் தொறந்து வச்சு பார்த்துட்டே மிதிச்சேன். ஒவ்வொரு மிதிக்கும் கறுப்பு வெளிறி, பழுப்பாகி, கடைசில தேன் மாதிரி தெளிவா குமிழியே இல்லாம வந்தப்ப எனக்குத் தொண்டைய அடைச்சுது, அந்தக் கறுப்ப நம்பியா அப்பாவ உக்கார வச்சு எறங்குனேன்னு.

பிரேக் ஆயில் காத்துலேர்ந்து ஈரத்த உறிஞ்சிக்கும். டாட் 3ங்கற ரக ஆயில் புதுசா இருக்கும்போது 205 டிகிரிக்குக் கொறஞ்சு கொதிக்காது, ஈரம் ஏறிட்டா 140க்கே கொதிக்கலாம். டாட் 4க்கு அதே கணக்கு 230, 155. கொதிச்சா லைன்ல ஆவி, ஆவிய அமுக்கலாம் ஆனா அது பிரேக்கத் தள்ளாது, பெடல் கீழ போறது அதனாலதான். ஆறுனா ஆவி திரும்ப ஆயிலாயிடும், பெடலும் கெட்டியாயிடும், சரியாயிடுச்சுன்னு நம்ம ஏமாந்துடுவோம். பழைய ஓனர் கொறைய கொறைய மேல ஊத்திட்டே வந்திருக்கார், மாத்தவே இல்ல. ரெண்டு வருஷத்துக்கு ஒருவாட்டி பூராவும் மாத்தணும்ங்கறார் அண்ணன், இங்க மாசக்கணக்குல மழையும் மூடுபனியும், அதனால நான் வருஷம் ஒருக்கா மாத்தப் போறேன்.

நவம்பர் 26, செவ்வாய்

இன்னிக்கு பிளஸ் ஒன் கிளாஸ்ல 'வேலை, ஆற்றல்' பாடம் எடுத்தேன். போர்டுல நம்ம வண்டியவே போட்டேன். ரெண்டு ஆளோட 800 கிலோ, குன்னூர்லேர்ந்து மேட்டுப்பாளையம் சுமார் 1,500 மீட்டர் எறக்கம். புவியீர்ப்பு முடுக்கத்தையும் சேத்துப் பெருக்குனா கிட்டத்தட்ட 12 மெகா ஜூல். 35 லிட்டர் பச்சைத்தண்ணிய கொதிநிலைக்குக் கொண்டுபோற சூடு. அது எங்கயாவது போயாகணும், இன்ஜின் வாங்கிக்கலன்னா பூராவும் அந்த நாலு வீல்லதான்.

ஒரு பையன் எழுந்து, அவங்க மாமா பெட்ரோல் மிச்சம்னு நியூட்ரல்லதான் எறங்குவார்னான். இன்ஜெக்‌ஷன் வண்டில கியர்ல இருந்து ஆக்சிலேட்டர்லேர்ந்து கால எடுத்தா இன்ஜெக்டர் பெட்ரோலையே நிறுத்திடும், நியூட்ரல்லதான் ஐட்லிங்க்கு எரியும்னு சொன்னேன். சாவிய ஆஃப் பண்ணிட்டு எறங்குறது இன்னும் மோசம், பெடல லேசாக்குற பிரேக் பூஸ்டருக்கு வேண்டிய வாக்குவம் இன்ஜின்லேர்ந்துதான் வருது, ரெண்டு மூணு மிதில தீந்துடும், அப்புறம் பெடல் கல்லு. மாமாகிட்ட இன்னிக்கே சொல்லுடான்னேன்.

டிசம்பர் 8, ஞாயிறு

டிரைவர் காலடில போட்டிருக்கற ஃப்ளோர் மேட்டுக்கு அடில ஒரே ஈரம், கார்ப்பெட்டப் பிழிஞ்சா தண்ணி வருது. வைப்பருக்குக் கீழ இருக்கற தண்ணி போற ஓட்டைல சைப்ரஸ் இலையும் தைலமர இலையும் மக்கி அடைச்சிருக்கு. கம்பிய விட்டு எடுத்தேன். கதவுக்கு அடில இருக்கற ஓட்டைகளும் அப்படியே. தரைத்தகட்டுல உள்ளங்கை அளவு துரு, சுரண்டி, ப்ரைமர் அடிச்சேன். மலைல ஓடுற பழைய வண்டி வாங்குறவங்க பெயிண்ட்டப் பார்க்காதீங்க, மேட்டத் தூக்கிப் பாருங்க.

மைலேஜ் இப்ப 15.

டிசம்பர் 29, ஞாயிறு

ஊட்டி காந்தல்ல சித்தி வீட்ல ராத்திரி தங்கல். காலைல புல்லு பூரா உப்பக் கொட்டுன மாதிரி உறைபனி, கண்ணாடி மேல வெள்ளையா ஏடு. தம்பி சுடுதண்ணியோட ஓடி வந்தான், தடுத்துட்டேன், சில்லிட்ட கண்ணாடில சுடுதண்ணி பட்டா விரிசல் விட்டுடும். பழைய பிளாஸ்டிக் கார்டால வழிச்சு எடுத்தோம். ஸ்டார்ட்டர் மெதுவாத்தான் சுத்துச்சு, பேட்டரிக்கு வயசாயிடுச்சு போல, டெர்மினல்ல பூத்திருந்த பச்சையச் சொரண்டிட்டு வேஸ்லின் தடவுனேன். கேண்ட்பிரேக் ராத்திரி இழுத்து விடல, ஈரத்துல ஷூ ட்ரம்மோட ஒட்டிக்கும், ஃபர்ஸ்ட் கியர்ல போட்டு டயருக்குக் கல்லு. இது அப்பா சொல்லிக் கொடுத்தது. தெர்மோஸ்டாட் போட்டதுலேர்ந்து ஹீட்டர்ல நெஜமாவே சூடான காத்து வருது, சித்தி கால நீட்டி உக்காந்துட்டு எறங்கவே மாட்டேன்னாங்க.

ஜனவரி 4, 2025, சனி

இன்னிக்கு எறங்குனோம். குன்னூர்லேர்ந்து கல்லாறு வரைக்கும் ரெண்டாவது கியர், ஹேர்பின்ல தேவப்பட்டா ஒண்ணு. பிரேக்க ஒரு அழுத்து, வேகம் கொறஞ்சதும் முழுசா விட்டுடறது, அடுத்த வளைவு வரைக்கும் கால் தள்ளியே இருக்கும். பின்னாடி ஹாரன் அடிச்ச அஞ்சாறு வண்டிய ஒதுங்கி விட்டுட்டேன். எதிர்ல ஏறி வர்றவங்களுக்கு நின்னு வழி விட்டேன், அது அவங்க உரிமை.

காட்டேரி தாண்டுன வரைக்கும் அப்பா ரோட்டையே பார்த்துட்டு, இன்ஜின் சத்தத்துக்குக் காத வச்சுட்டு வந்தார். மரப்பாலத்துல திரும்பிப் பார்த்தா சொட்டு மருந்துப் பைய மடில வச்சுட்டு தூங்கிட்டிருக்கார்.

பர்லியாறுல டீக்கு நிறுத்துனேன். முழிச்சதும் டீக்கடைக்குப் போகல, நேரா பின் வலது வீல்கிட்ட குனிஞ்சு, தொடாம புறங்கைய ட்ரம்முக்குப் பக்கத்துல வச்சு பார்த்தார். அப்புறம் இடது பக்கம். ரெண்டும் ஒரே சூடுதான்னார், ஒரு பக்கம் மட்டும் அதிகமா சுட்டா அந்த ஷூ ஒட்டுதுன்னு அர்த்தமாம். அப்புறம்தான் டீ.

சாயங்காலம் திரும்பி ஏறுனோம், டெம்பரேச்சர் முள்ளு பாதிக்கு மேல போகல. ரெண்டாவது கண்ணுக்கு மார்ச்ல தேதி கொடுத்திருக்காங்க. அதுக்குள்ள இன்ஜின் வால்வுகள நேரத்துக்குத் தொறந்து மூட வைக்கிற டைமிங் பெல்ட்ட மாத்திடணும், எப்ப மாத்துனாங்கன்னு பில் எதுவும் வண்டில இல்ல. பெல்ட்டும் அத இறுக்கி வைக்கிற டென்ஷனரும் கோயம்புத்தூர்லயே வாங்கிட்டு வந்துட்டேன், பின் சீட்டுல இருக்கு.