அப்பாவின் தோளில் அத்தி வரதர்

நாற்பது ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் கோயில் குளத்திலிருந்து வெளியே எடுத்துச் சேவைக்கு வைக்கப்படும் அத்திமரப் பெருமாள், அத்தி வரதர். 1979இல் அவர் அனந்தசரஸ் குளத்திலிருந்து வெளியே வந்தபோது எனக்கு நாலு வயது. அப்பா என்னைத் தோளில் தூக்கிவைத்துக்கொண்டு காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலுக்குள் போய்ச் சேவித்து வந்தார் என்பது எங்கள் வீட்டு வரலாறு. அதில் அக்காவுக்கு ஆட்சேபணை உண்டு. "நீ எங்கே பார்த்தாய்? வாயைத் திறந்துகொண்டு தூங்கினாய்" என்பாள். என் தரப்புச் சாட்சி ஒன்றே ஒன்றுதான்: அப்பாவின் வலது காது. வியர்வையில் வழுக்கிக்கொண்டே இருந்த அந்தக் காதை நான் கெட்டியாகப் பிடித்திருந்ததும், சுற்றிலும் "கோவிந்தா" என்று எழுந்த முழக்கமும் இன்றைக்கும் நினைவில் இருக்கின்றன. பெருமாள் முகம்தான் இல்லை. தூங்குகிற பிள்ளை காதைப் பிடித்துக்கொள்ளுமா என்று நான் கேட்பேன். அம்மா ஒரு நாள் எனக்குச் சாதகமாகத் தீர்ப்பு சொல்வாள், மறுநாள் அக்காவுக்கு. அப்பா இந்த வழக்கைத் தீர்த்துவைக்காமல் சிரித்தே கழித்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார்.

ஆனால் ஒன்றைச் சொல்லிவைத்திருந்தார். "நான் இருந்தாலும் இல்லாவிட்டாலும் 2019இல் எல்லோரும் போய் வரதனைச் சேவித்துவிட்டு வாருங்கள்." வேண்டுதல் என்று முடிந்துவைத்த காசு எதுவும் இல்லை. அப்பாவின் வாய்வார்த்தை, அவ்வளவுதான். அதைத் தட்ட முடியுமா?

நாற்பது ஆண்டுக்கு ஒருமுறை என்பது யோசித்தால் விசித்திரமான கணக்கு. வருஷா வருஷம் வைகாசியில் கருட சேவைக்கு வெளியே வருகிற பெருமாளை யாரும் நினைவுவைத்துக்கொள்ள வேண்டியதில்லை, பஞ்சாங்கமே சொல்லிவிடும். குளத்துக்கு அடியில் வெள்ளிப் பேழைக்குள் படுத்திருப்பவரை வீட்டுக்கு வீடு யாராவது வாயால் சொல்லிச் சொல்லித்தான் அடுத்த தலைமுறையிடம் சேர்க்கவேண்டும். எங்கள் வீட்டில் அதுவும் சரியாக நடக்கவில்லை. 1979க்கு முந்தைய முறை எங்கள் கொள்ளுப்பாட்டி சேவித்தாளா இல்லையா? கேட்டுவைக்க யாருக்கும் தோன்றவில்லை. இனி கேட்க ஆளில்லை.

2019இல் ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள். ஜூலை முழுவதும் சயனக் கோலம், ஆகஸ்ட் பிறந்தால் நின்ற கோலம். அம்மாவுக்குச் சயனத்தில்தான் சேவிக்கவேண்டும். கூட்ட நெரிசலில் உயிர்கள் போன செய்தி அப்போதுதான் வந்திருந்தது; எழுபதைத் தாண்டியவளை அழைத்துப் போவதா என்று எனக்கு நடுக்கம். "போகிற உயிர் வரதன் வாசலில் போகட்டும்" என்று சொல்லிவிட்டுப் புடவை மடிக்க ஆரம்பித்துவிட்டாள். அம்மாவிடம் வாதாடி ஜெயித்தவர் எங்கள் குடும்பத்தில் கிடையாது.

ஓரிக்கையில் போட்டிருந்த தற்காலிகப் பஸ் நிலையத்தில் இறங்கியதிலிருந்தே ஆரம்பித்துவிட்டது. ஒருவர் பாஸ் வாங்கித் தருகிறேன் என்றார். இன்னொருவர் கோயிலுக்குள் தமக்கு ஆள் இருக்கிறது, பத்து நிமிஷத்தில் தரிசனம் என்றார். வரிசையில் நிற்கிற லட்சம் பேரும் முட்டாள்கள் என்பது போல ஒரு பார்வை வேறு. ஆட்டோக்காரர் ஒருவர் கோபுர வாசல் வரை விடுகிறேன் என்று ஏற்றிக்கொண்டு, பாதி வழியில் தடுப்பைக் காட்டி இறக்கிவிட்டார். பேசிய பணத்தில் ஒரு ரூபாய் குறைக்கவில்லை. நாற்பது ஆண்டுக்கு ஒருமுறை வரும் பெருமாளை வைத்து நாற்பது ஆண்டுக்கும் சேர்த்துச் சம்பாதிக்கப் பார்க்கிறார்கள். வரதன் அவர்களுக்கும்தானே வரம் தருகிறவன், போகட்டும்.

பந்தலுக்குள் வரிசை நகர்ந்தது என்று சொல்ல முடியாது, கசிந்தது. முதியவர்களுக்குத் தனி வழி இருந்தும் எங்களை விட்டுப் போக அம்மா சம்மதிக்கவில்லை. முன்பின் தெரியாத ஒரு பெண் தன் முந்தானையால் அம்மாவுக்கு விசிறிக்கொண்டே வந்தாள். என் மகனுக்கு அப்போது எட்டு வயது. நூற்றுக்கால் மண்டபத்தின் கல் சங்கிலியைப் பார்க்கவேண்டும் என்று முதலில் அரித்தான். பிறகு தண்ணீர், பிறகு அழுகை. முன்னே நிற்பவர்களின் முதுகைத் தவிர அவனுக்கு வேறு எதுவும் தெரியவில்லை.

வசந்த மண்டபத்தை நெருங்கியதும் பின்னாலிருந்து ஓர் அலை. அக்கா அம்மாவின் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். நான் மகனைத் தூக்கப் பார்த்தேன், முடியவில்லை. எட்டு வயதுப் பிள்ளையின் கனம் அப்படி. அப்போது என் தோளுக்குப் பின்னாலிருந்து இரண்டு கைகள் நீண்டன. கறுத்த முன்கை, மணிக்கட்டில் சாயம் போன சிவப்புக் கயிறு. ஒரு வார்த்தை கேட்காமல் அந்தக் கைகள் பையனை என் பிடியிலிருந்து எடுத்து உயர்த்தித் தோளில் உட்காரவைத்தன. நான் திரும்பக்கூட இடமில்லை. "அம்மா, தெரிகிறார்! தெரிகிறார்!" என்று மேலேயிருந்து கத்தினான். அந்தக் குரல் வந்த திசையிலேயே நானும் பார்த்தேன்.

கிடந்தார். 9 அடி என்று சொல்வார்கள். அளவெல்லாம் யாருக்குத் தெரிந்தது? பட்டுக்கும் மாலைக்கும் நடுவே அந்தக் கரிய முகம், திறந்த கண். இத்தனை ஆண்டு தண்ணீருக்குள் கிடந்த அத்தி மரம் என்று புத்தி சொல்கிறது. கண் அதை ஏற்கவில்லை. இப்போதுதான் படுத்தவர், கூப்பிட்டால் எழுந்துவிடுவார் போல இருந்தது. அப்பாவுக்கு, மாமியாருக்கு, அக்காவின் பெண் கல்யாணத்துக்கு என்று மனத்துக்குள் அடுக்கி வைத்திருந்ததில் ஒன்றுகூட நாவில் வரவில்லை. "வந்துவிட்டோம் அப்பா" என்று மட்டும் சொன்னேன். பெருமாளிடம் சொன்னேனா, அப்பாவிடமா என்று என்னைக் கேட்காதீர்கள். அதற்குள் "நகருங்கள், நகருங்கள்" என்று தள்ளிவிட்டார்கள்.

வெளியே வந்த பிறகுதான் உயிர் போயிற்று. பையனைக் காணோம். தூக்கியவர் முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை. ஒலிபெருக்கியில் காணாமல்போனவர்களின் பெயர்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. அக்கா அழ ஆரம்பித்துவிட்டாள். அம்மா மட்டும் தடுப்புக் கம்பியைப் பிடித்தபடி, "தூக்கியவன் இறக்கிவிடுவான்" என்றாள். வாசல் பக்கம் கூட்டத்துக்கு மேலே ஒரு தலை ஆடிக்கொண்டு வந்தது. என் பிள்ளை. தொலைந்துபோனால் தேடுகிறவர் கண்ணுக்குத் தெரியட்டும் என்று அந்த மனிதர் கடைசிவரை அவனைக் கீழே இறக்கவே இல்லை. சட்டை முழுக்க நனைந்திருந்தது. கும்பிட்டேன். "எனக்கும் ஒன்று இருக்கிறது, வீட்டில்" என்றார். பெயர் கேட்க வாயெடுப்பதற்குள் போய்விட்டார்.

கால்வலி மீறிவிட்டதால் அத்திகிரிப் படியேறி மூலவரைச் சேவிக்க முடியவில்லை. பெருந்தேவித் தாயார் இருக்கும் பக்கம் பார்த்துக் கும்பிட்டதோடு சரி. பஸ்ஸில் உட்கார்ந்ததும் அக்கா, "பச்சைப் பட்டு எவ்வளவு எடுப்பாக இருந்தது!" என்றாள். "நீலம்" என்றாள் அம்மா. பையன் மஞ்சள் என்று சத்தியம் செய்தான். அன்றைய படத்தை எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். நான் எடுக்கவில்லை, அவர்களையும் எடுக்கவிடவில்லை.

வரதா, எங்கள் அம்மாவைக் கீறல் இல்லாமல் கூட்டிவந்து திருப்பி அனுப்பினாய். பிள்ளையைத் தூக்க ஆள் அனுப்பினாய். அந்த மனிதர் வீட்டுப் பிள்ளை நன்றாக இருக்கட்டும், விசிறிய பெண் நன்றாக இருக்கட்டும், அந்த ஆட்டோக்காரரும் இருந்துவிட்டுப் போகட்டும். 2059இல் என் மகனுக்கு 48 வயது, எனக்கு 84. கால் மட்டும் கொடு. மற்றதை அவன் பார்த்துக்கொள்வான்.