உப்புவெளி விடுதியில் ஒரு தம்பி: வேலைத்தலக் குறிப்புகள்

யூன் 3, 2025, செவ்வாய்

கிழக்குக் கரையில் சுற்றுலாப் பருவம் சூடுபிடித்துவிட்டது. உப்புவெளியிலுள்ள விடுதியொன்றின் சலவைப் பகுதியில், ஓட்டிசம் உள்ள தம்பி ஒருவர் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார். அவருடன் கூடச் சென்று வேலைத்தலத்துக்குப் பழக்குவது என் பணி. வேலையில் குறை சொல்ல இடமில்லை. விரிப்பின் நான்கு மூலைகளையும் பொருத்தி, மடிப்பை உள்ளங்கையால் ஒருமுறை அழுத்தி, தைத்த ஓரங்கள் எல்லாம் ஒரே பக்கம் வரும்படி அடுக்குகிறார். சிக்கல் பேச்சில்தான் வந்தது. மேற்பார்வை செய்யும் அக்கா எட்டிப் பார்த்து, "தம்பி, இன்னும் முடியேல்லையோ?" என்று கேட்டார். "இல்லை" என்று சொல்லிவிட்டு, அவர் அதே வேகத்தில் மடித்துக்கொண்டிருந்தார். கேட்டவருக்கு அது எடுத்தெறிந்த பேச்சாகப் பட்டது. சொன்னவரோ கேட்ட கேள்விக்கு உண்மையான விடையைத்தான் கொடுத்திருந்தார்.

யூன் 5, வியாழன்

அக்காவிடம் தனியே கதைத்தேன். அவசரம் என்பதைக் குரலில் வைக்காமல் சொல்லிலேயே வைக்கும்படி கேட்டுக்கொண்டேன். இன்று அவர், "தம்பி, பதினொரு மணிக்கு முதல் எட்டு அறைக்கு விரிப்பு வேணும். இப்ப எத்தனை அறைக்கு இருக்கு?" என்று கேட்டார். எண்ணிப் பார்த்து, "ஐந்து அறைக்கு இருக்கு. மிச்சம் பத்தரைக்கு முடியும்" என்று பதில் வந்தது.

தம்பி பழக வேண்டியதும் உண்டு. வேலை பிந்தும் என்று தெரிந்தவுடன், யாரும் கேட்கும்வரை காத்திராமல், தானே போய்ச் சொல்ல வேண்டும். யாரிடம், எப்போது, என்ன சொல்வது என்பதை அவருடைய சொற்களிலேயே ஓர் அட்டையில் எழுதி இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறோம்.

யூன் 11, புதன்

"முகம் பார்த்துக் கதைக்கப் பழக்கிவிடுங்கோ" என்று வீட்டாரும் கேட்கிறார்கள், முகாமையாளரும் கேட்கிறார். அதை நான் செய்யப்போவதில்லை. ஓட்டிசம் உள்ள பலருக்கு, எதிரில் நிற்பவரின் கண்ணைப் பார்த்துக்கொண்டே அவர் சொல்வதையும் உள்வாங்குவது பெரும் பாரம். பார்வையில் கவனம் போனால் சொன்னது தவறிவிடும். வேலைக்குத் தேவைப்படுவது, சொன்னது விளங்கிவிட்டது என்று மற்றவருக்குத் தெரிவதுதான். "விளங்கினது, துவாய் முதலில், விரிப்புப் பிறகு" என்று திருப்பிச் சொல்வது அதற்குப் போதும்.

தானும் ஓட்டிசம் உள்ளவரான பிரித்தானிய ஆய்வாளர் டேமியன் மில்டன், புரிந்துகொள்ளாமை ஒரு பக்கத்தின் குறையன்று, இரு பக்கத்திலும் உள்ளது என்று 2012 இல் எழுதினார். ஓட்டிசம் உள்ளவர்கள் தங்களுக்குள் செய்தியைக் கைமாற்றுவதில் மற்றவர்களுக்குக் குறைந்தவர்கள் அல்லர் என்பதை, ஒருவர் சொன்ன கதையை அடுத்தவர் கேட்டுச் சொல்லும் முறையில் நடத்தப்பட்ட ஆய்வு 2020 இல் காட்டியது. அப்படியிருக்க, பயிற்சி முழுவதையும் ஒருவர் தலையில் மட்டும் ஏற்றுவது நியாயமில்லை.

யூன் 12, வியாழன்

தேத்தண்ணி நேரத்தில் தம்பி தனியே இருப்பதைச் சிலர் பெருமை என்று நினைத்திருக்கிறார்கள். இயந்திரச் சத்தத்துக்குப் பிறகு காது ஓய வேண்டும் என்று அவரே இன்று சொன்னார். ஓட்டிசம் என்பதைச் சொல்வதா என்ற முடிவு அவருடையது. அவர் சத்தத்தை மட்டும் சொன்னார், அதுவே போதுமாக இருந்தது.

யூன் 18, புதன்

வேலை நேர மாற்றங்கள் வட்ஸ்அப் குழுவில் குரல் பதிவுகளாக வருகின்றன. அவற்றுக்கிடையே வாழ்த்தும் பகிடியும் கலந்துவிடுவதால், எது உத்தரவு, எது பேச்சு என்று பிரித்தெடுக்க அவர் மிகவும் சிரமப்பட்டார். இப்போது மாற்றங்கள் தமிழிலும் சிங்களத்திலும் பலகையில் எழுதப்படுகின்றன. இரவு வேலைக்கு வரும் சிங்களச் சகோதரர்களும் அந்தப் பலகையைப் பார்த்துத்தான் வேலை தொடங்குகிறார்கள்.

யூன் 24, செவ்வாய்

இவையெல்லாம் தனிச் சலுகையா என்று முகாமையாளர் கேட்டார். இலங்கை 2016 இல் ஏற்று உறுதிப்படுத்திய இயலாமை உள்ளவர்களின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையின் 27 ஆம் உறுப்புரை, வேலைத்தலத்தில் நியாயமான வசதி செய்து கொடுப்பதை அவர்களின் வேலை உரிமையோடு சேர்த்தே பேசுகிறது என்று விளக்கினேன். பலகைக்குச் செலவு ஏதும் ஆகவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

தம்பி இன்று தானாகவே ஒன்று கேட்டார். சிலர் தங்கள் ஞாயிறு வேலையை அவரிடம் தள்ளிவிடுகிறார்கள். "ஏலாது" என்று சொன்னால் கோபிப்பார்களோ என்ற பயத்தில் ஒவ்வொரு முறையும் சம்மதித்துவிடுகிறாராம். இந்தக் கிழமைப் பயிற்சிக்கு இதையே எடுத்திருக்கிறோம். மறுப்பதற்கான வசனத்தை அவர் எழுதிவிட்டார். கேட்பவராக நடிக்க மேற்பார்வை அக்கா சம்மதித்திருக்கிறார்.