கற்கண்டு முட்டியில் தொடங்கிய பளிங்குப் பாடம்

இரசாயனவியல் சிறப்புப் பட்டத்தின் கடைசி ஆண்டில் நான் எடுத்த ஆய்வு, மஞ்சளிலுள்ள குர்குமினின் பளிங்குக் கட்டமைப்பு, அதாவது பளிங்கினுள் அதன் மூலக்கூறுகள் அடுக்கியிருக்கும் விதம். கிளிநொச்சியில் உயர்தரம் முடித்துப் போன எனக்கு இந்தப் பகுதி பெரும் பயமாக இருந்தது. இனி இதை எடுக்கப்போகும் வன்னித் தம்பி தங்கைமாருக்காக எழுதுகிறேன்.

பளிங்கு வளர்ப்பதிலேயே எனக்கு இரண்டு மாதம் போனது. அவசரப்பட்டு எதனோல் கரைசலைச் சூடாக்கி வற்றவைத்தேன், தூள்தான் மிஞ்சியது. அப்போதுதான் பூநகரியில் அம்மம்மா பனங்கற்கண்டு செய்தது நினைவுக்கு வந்தது. காய்ச்சிய பாணியை முட்டியில் ஊற்றி, நூலைத் தொங்கவிட்டு, வாரக்கணக்கில் அப்படியே விட்டுவிடுவா. "தொடாதை மோனை, கலங்கினால் கட்டாது" என்பா. காரணம் ஒன்றுதான். கரைப்பான் மெல்லக் குறைந்தால் ஒரு சில கருக்களே, அதாவது பளிங்கு வளரத் தொடங்கும் புள்ளிகளே, தோன்றும். மூலக்கூறுகள் அவற்றின்மேல் ஒழுங்காக அடுக்கிக்கொள்ளும். அவசரப்படுத்தினால் எங்கும் கருக்கள் தோன்றித் தூளாகிவிடும். ஆகவே போத்தல் வாயை மூடி, ஊசியால் ஓரிரு துளை போட்டு, ஆட்டம் இல்லாத இடத்தில் வையுங்கள். ஒன்றை மட்டும் நம்பாமல், வெவ்வேறு கரைப்பான்களில் ஏழெட்டுப் போத்தல் வையுங்கள். 0.2 மில்லிமீற்றர் அளவில் ஒரு தெளிந்த பளிங்கு கிடைத்தாலே போதும்.

அந்தப் பளிங்கில் எக்ஸ் கதிரைச் செலுத்தித் தரவு எடுப்பதைக் கருவிக்காரர் பார்த்துக்கொள்வார். அதற்குப் பிறகு, கிடைத்த கட்டமைப்பைப் பார்த்து விளங்கிக்கொள்வதுதான் உங்கள் வேலை.

வாய்மொழிப் பரீட்சையில் குர்குமினை வரையச் சொன்னார்கள். நடுவில் இரண்டு கீற்றோன் கூட்டங்களை (காபன்–ஒட்சிசன் இரட்டைப் பிணைப்புகளை) வரைந்தேன். "உங்கள் பளிங்கில் இப்படியா இருந்தது?" என்று கேட்டார்கள். இல்லை. பளிங்கில் அது ஈனோல் வடிவம், அதாவது ஒரு கீற்றோன் ஐதரொட்சிலாக (OH) மாறிய வடிவம். ஓர் ஐதரசன் இரண்டு ஒட்சிசன்களுக்கு நடுவில் நின்று மூலக்கூற்றுக்குள்ளேயே வலிய ஐதரசன் பிணைப்பை உண்டாக்கும். அந்த ஒட்சிசன்களின் இடைவெளி ஏறத்தாழ 2.5 ஆங்ஸ்ட்ரொம்தான் (ஓர் ஆங்ஸ்ட்ரொம் என்பது மில்லிமீற்றரில் கோடியில் ஒரு பங்கு). ஓரத்து ஐதரொட்சில்கள் அடுத்த மூலக்கூறுகளின் ஒட்சிசன்களை நாடும். எண்களை மனப்பாடம் செய்திருந்தேன், படத்தை ஒழுங்காகப் பார்த்திருக்கவில்லை.

அடுத்த கேள்வி, சுக்குரோசுப் (சீனி) பளிங்கில் ஏன் நேர்மாற்று மையம் இல்லை என்பது. ஒவ்வோர் அணுவுக்கும் எதிர்ப்பக்கத்தில் அதே தூரத்தில் அதே வகை அணு நிற்கும் நடுப்புள்ளிதான் அந்த மையம். இதற்குச் சரியாகச் சொன்னேன். இடக்கையும் வலக்கையும்போல ஒன்றுக்கொன்று கண்ணாடி விம்பமான இரு வடிவங்களில், செடி அந்த மூலக்கூறின் ஒரு கை வடிவத்தை மட்டுமே செய்கிறது. மையம் இருந்தால் இடக்கைக்கு வலக்கையும் கூடவே இருக்கவேண்டும். குர்குமினில் கைத்தன்மை இல்லாததால் அங்கே மையம் வரலாம்.

பளிங்குக் கட்டமைப்புகளைத் திரையில் திருப்பிப் பார்க்க உதவும், கேம்பிரிட்ஜ் பளிங்குத் தரவு மையத்தின் மேர்க்குரி மென்பொருளை இலவசமாக இறக்கலாம்; கட்டமைப்புக் கோப்புகளையும் அங்கேயே பெறலாம். முதலில் சுக்குரோசைத் திறந்து திருப்பிப் பாருங்கள். எட்டு ஐதரொட்சில்களில் இரண்டு, அதே மூலக்கூற்றின் ஒட்சிசன்களோடு பிணைந்திருக்கும். அந்த இரண்டையும் நீங்களே தேடி, நீளத்தை அளந்து கொப்பியில் எழுதிய பிறகு உங்கள் பளிங்குக்கு வாருங்கள்.