இருவாச்சி இறங்காத நாப்பது நிமிசம்

நான் அடிப்படையில கல்யாண வீட்டுப் படக்காரன். திருகோணமலையில ஒரு அண்ணையின்ர ஸ்டூடியோவில சேர்ந்து பதினெட்டு வருசமா கல்யாண வீடு, சாமத்திய வீடு, கோயில் தேர் எண்டு எடுத்துக்கொண்டிருக்கிறன். ஆடி மாசம் எங்கட சனம் நல்ல காரியம் வைக்காது, ஸ்டூடியோவில வேலையே இராது, ஆனா அதே ஆடிதான் நிலாவெளிக்கு வெளிநாட்டு ஆக்கள் வாற சீசன், அப்ப நான் கமராவையும் தூக்கிக்கொண்டு புறாமலைக்குப் போற போட்டில ஏறிடுவன். அங்க பாறை இடுக்கில மாடப்புறா கூடு கட்டும், டவுனில கட்டடத்தில திரியிற கலப்புப் புறா இல்ல, காட்டில இருந்த அசல் இனம், அதைப் பாக்கிறதுக்கெண்டே சிலபேர் கடல் கடந்து வருவினம். அவைக்கு இடம் காட்டக் காட்ட எனக்கும் அது பிடிச்சுப் போச்சு. பேந்து தம்பலகாமத்து வயலுக்குள்ள நத்தைகொத்தி நாரை, பெரியகுளத்தடியில மீன்கொத்தி எண்டு கல்யாணம் இல்லாத நாளெல்லாம் அதுதான் வேலை.

அப்பிடித்தான் கொழும்பில இருந்து இந்தியாவுக்கு பறவை ட்ரிப் கொண்டுபோற ஒருத்தர் என்னைப் பிடிச்சவர். கனடா, லண்டன் பக்கத்து எங்கட ஆக்கள்தான் அவருக்குக் கனக்க வருவினம், லீவுக்கு ஊருக்கு வந்திட்டு அப்பிடியே ஒரு கிழமை தமிழ்நாடு, கேரளக் காடு பாத்திட்டுப் போறவை. அவருக்கு தமிழும் கமராவும் தெரிஞ்ச, ஆக்களோட கோவிக்காமல் கதைக்கிற ஒரு ஆள் தேவைப்பட்டது. 2017 தைப்பொங்கல் முடிஞ்ச கையோட முதல் ட்ரிப் போனனான்.

வேலை எண்டா என்ன, பாதி நாள் சி ஃபோர்ம் நிரப்புறதுதான். வெளிநாட்டு பாஸ்போர்ட்டில வாற ஆக்களைத் தங்க வச்சா லொட்ஜ்காரர் பொலிசுக்கு அந்த ஃபோர்ம் குடுக்கோணும், சின்ன லொட்ஜுகளில அதுக்குப் பயந்தே ரூம் இல்லை எண்டு சொல்லிடுவினம், இரவு ஒன்பது மணிக்கு பதினொரு பேரையும் பெட்டியளையும் ரோட்டில வச்சுக்கொண்டு நிண்டிருக்கிறன். பேந்து பற்றரி சார்ஜ் போடுறது, லென்ஸ் துடைக்கிறது, அட்டைக்கு நீட்டு சொக்ஸ் எல்லாரும் போட்டாச்சோ எண்டு பாக்கிறது. ஜீப் ஜன்னலில லென்ஸை வைக்க ஒரு துணிப்பை வச்சிருக்கிறன், பிளேனில வெறும் பையா மடிச்சுக்கொண்டு போய் பொள்ளாச்சியில அஞ்சு கிலோ அரிசி வாங்கி நிரப்புவன், திரும்பி வரேக்க அந்த அரிசியை லொட்ஜ் சமையல்கார அம்மாவிட்ட குடுத்திட்டு வாறது.

ஆழியாறில இருந்து வால்பாறைக்கு நாப்பது கொண்டை ஊசி வளைவு. ஒன்பதாவது வளைவடியில வானை நிப்பாட்டினா பாறையில வரையாடு நிக்கும், கொஞ்சமும் பயப்படாமல் எங்களையே பாத்துக்கொண்டு நிக்கும், எங்கட நாட்டில இல்லாத மிருகம், அந்த இடத்தில நான் கமராவைத் தொடாமல் கொஞ்ச நேரம் சும்மா நிக்கிறது வழக்கம். மேல போனா தேயிலை, தேயிலைக்கு நடுவில துண்டு துண்டா விட்ட சோலைக்காடு. புதுத்தோட்டத்தில சிங்கவால் குரங்கு, அந்த ஊர் ஆக்கள் சோலைமந்தி எண்டுவினம், அது ரோட்டைக் கடக்கேக்க வாகனத்தில அடிபடுதெண்டு தீயணைப்புக் குழாயால மரத்துக்கு மரம் பாலம் கட்டி விட்டிருக்கினம், மந்தி குட்டியைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு அதில போறதைக் கண்டனான், அதைவிட வடிவான காட்சி நான் கனக்க கண்டதில்லை.

இன்னொண்டையும் சொல்லோணும், கோத்தகிரிப் பக்கம் ஒரு தேத்தண்ணிக் கடையில நாங்கள் கதைக்கிறதைக் கேட்டிட்டு ஒரு வயசான அம்மா வந்து "சிலோனா? எந்தப் பக்கம்?" எண்டு கேட்டவ. 1964 சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தில அனுப்பின மலையகச் சனம், அவைக்கெண்டு 1968ல தமிழ்நாட்டு அரசாங்கம் தொடங்கின தேயிலைத் தோட்டத்தில கொழுந்து பறிச்சு வயசு போனவ. பதுளை இப்ப எப்பிடி இருக்கெண்டு கேட்டா, நான் திருகோணமலை அம்மா, பதுளைக்கு ரெண்டு தரம்தான் போனனான் எண்டு சொல்லேக்க எனக்கு வெக்கமா இருந்தது. அண்டைக்குப் பின்னேரம் பாத்த பறவை ஒண்டும் எனக்கு ஞாபகம் இல்லை.

சரி, படம் எடுக்கிற கதைக்கு வாறன். கல்யாண வீட்டில நான் ராசா. "மாப்பிளை, அந்த மாலையை இன்னொருக்கா போடுங்கோ, பொம்பிளை இஞ்ச பாருங்கோ" எண்டா செய்வினம், தாலி கட்டின கையையே திரும்ப கழுத்தடியில கொண்டுபோய்ப் பிடிக்க வச்சு எடுத்திருக்கிறன். என்ர கை பழகினது அதுக்குத்தான், நடந்து முடிஞ்சதைத் திரும்ப நடத்துவிச்சு எடுக்கிறது. காட்டுக்குள்ள அது சரிவராது எண்டு வாயால எல்லாருக்கும் சொல்லுவன், ஆனா கை சும்மா இருக்காது.

முதல் முதல் அது எனக்கு உறைச்சது தீக்காக்கை எண்ட காட்டுப் பறவையில. ஒரு ட்ரிப்பில வந்த வழிகாட்டி ஃபோனில அதின்ர சத்தத்தைப் போட்டு சின்ன ஸ்பீக்கரால விட்டவர், ரெண்டு நிமிசத்தில ஆண் பறவை நெஞ்சுச் சிவப்பு தெரிய எங்களுக்கு முன்னால கொப்பில வந்து இருந்தது, எல்லாருக்கும் படம், எல்லாருக்கும் சந்தோசம். இன்னும் கிட்ட வரட்டும் எண்டு திரும்பத் திரும்பப் போட்டம். அது அங்கயும் இங்கயும் பாய்ஞ்சு பாய்ஞ்சு தேடுது. தன்ர இடத்துக்குள்ள வேற ஆண் வந்திட்டுது எண்டு நினைச்சு சாப்பாட்டையும் விட்டிட்டுச் சண்டைக்கு வந்து நிக்குது, அங்க எதிரி எண்டு ஒருத்தரும் இல்லை, ஒரு ஃபோன்தான் இருக்கு. மாலையை இன்னொருக்கா போடச் சொல்லுறதும் இதுவும் ஒண்டுதானே எண்டு அண்டைக்கு ரூமில படுத்திருக்கேக்க யோசிச்சனான். யோசிச்சதோட விட்டிட்டன், அதுதான் பிழை.

தட்டேக்காட்டில வேற மாதிரி. கோதமங்கலத்துக்குப் பக்கத்தில பெரியாற்றங்கரைக் காடு, 1983ல சரணாலயமாக்கினது, சாலிம் அலியின்ர பேர்தான் அதுக்கு. அங்க எல்லாரும் பாக்க வாறது தவளைவாயனை, அதின்ர முழுப்பேரே இலங்கைத் தவளைவாயன்தான், இலங்கையிலயும் மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டிலயும் மட்டும் இருக்கிற பறவை. இலங்கைக்காரன் நான் அதை முதல் கண்டது கேரளத்தில. பகலில ஆணும் பெண்ணும் ஒட்டிக்கொண்டு காய்ஞ்ச இலை மாதிரி நித்திரை கொள்ளும், ஆண் சாம்பல், பெண் செம்மண் நிறம், ஒரு முழம் தள்ளி நிண்டாலும் கண்ணுக்குப் பிடிபடாது. எங்கட வழிகாட்டி ஆளுக்கு ரெண்டு நிமிசம், பிளாஷ் இல்லை, கொப்பை விலத்தக்கூடாது எண்டு மணிக்கூட்டைப் பாத்துக்கொண்டு நிண்டவர். அவருக்கு காசு குடுக்கிறது நாங்கள், ஆனா அவர் வேலை செய்தது அந்த ரெண்டு பறவைக்கும். இதை எழுதேக்கையும் அந்த மனுசனில எனக்குப் பெரிய மரியாதை.

2019 மாசிக் கடைசியில வால்பாறைக்கு வெளியில ஒரு சோலைத்துண்டில இருவாச்சிக் கூடு இருக்கெண்டு தெரிய வந்தது. இடம் சொல்ல மாட்டன். பெரிய இருவாச்சி, செட்டையை விரிச்சா ஒண்டரை மீட்டர், பறக்கேக்க ரயில் எஞ்சின் மாதிரி ஒரு மூச்சுச் சத்தம் வரும், தலைக்கு மேலால போனா சின்னப்பிள்ளையள் மாதிரி எல்லாரும் வாயைத் திறந்துகொண்டு நிப்பினம். எங்கட பக்கத்துக் காட்டிலயும் இருவாச்சி இருக்கு, இது அதைவிடப் பெரிசு, இலங்கையில இல்லாதது. பெரிய மரத்துப் பொந்துக்குள்ள பெண் போய் இருந்துகொண்டு தன்ர எச்சத்தாலயே வாசலை அடைச்சிடும், ஒரு கீறல் இடைவெளி மட்டும் விடும். மூண்டு மாசத்துக்கு மேல அந்த இருட்டுக்குள்ள அது முட்டையிட்டு அடைகாத்து குஞ்சு வளர்க்க, வெளியில இருந்து ஆண் கொண்டுவாறதுதான் சாப்பாடு. தொண்டைக்குள்ள அத்திப்பழத்தை நிரப்பிக்கொண்டு வந்து ஒவ்வொண்டா வெளிய எடுத்து அந்தக் கீறலுக்குள்ளால ஊட்டும்.

எங்களைக் கூட்டிப்போனது காடர் சமூகத்துப் பெடியன், ஆனைமலைக் காட்டின்ர பழைய குடியள் அவை. கேரளத்து வாழச்சால் பக்கத்தில காடர் ஆக்களே கூடு கூடாப் போய்க் கண்காணிச்சு இருவாச்சியைக் காப்பாத்தினம். இந்தத் தம்பி ஒரு புதருக்குப் பின்னால எங்களை இருத்திப்போட்டு, "இங்க இருந்தே பாருங்கண்ணே, இதுக்கு மேல வேணாம்" எண்டு சொன்னவன். அங்கயிருந்து மரம் முழுசா தெரியுது, ஆனா கீறலுக்கு முன்னால ஒரு கொப்பு மறைக்குது. எங்கட குரூப்பில ஒருத்தர், முந்தின வருசமும் வந்தவர், தூரத்துப் பறவையைக் கிட்ட இழுக்கிற பெரிய 600 லென்ஸ் வச்சிருக்கிறவர், அலகில பழத்தோட ஒரு படம் எடுக்கத்தான் இவ்வளவு தூரம் வந்தனான் எண்டு என்ர காதுக்குள்ள சொன்னவர். நான் அந்தத் தம்பியைப் பாக்கேல்ல. எழும்பி, இடது பக்கமா கொப்பு மறைக்காத இடத்துக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனனான், மற்றாக்களும் பின்னால வந்திட்டினம், ட்ரைபொட் எல்லாம் விரிச்சு மரத்துக்கு முன்னால வெளிச்சமா நிக்கிறம்.

மூச்சுச் சத்தம் கேட்டது. ஆண் வந்தது. தொண்டை வீங்கியிருக்கு, நிறையப் பழம். மரத்தில இறங்காமல் எங்களைக் கண்டிட்டு வளைஞ்சு போய் தூரத்து மரத்தில இருந்தது. லென்சுக்குள்ளால அதின்ர சிவப்புக் கண் எனக்கு வடிவாத் தெரிஞ்சது. ஒரு பழத்தை அலகு நுனிக்குக் கொண்டுவந்து வச்சுக்கொண்டு இருக்குது, பேந்து திரும்ப விழுங்குது. எழும்பி ஒருக்கா வந்து மரத்தைச் சுத்திட்டு திரும்பப் போட்டுது. "அண்ணே, போதும், வாங்க" எண்டு அந்தத் தம்பி ரெண்டு தரம் சொன்னவன், நான் கையைக் காட்டி பொறு எண்டனான். பொந்துக்குள்ளயிருந்து ஒரு சின்னச் சத்தம், கீறலுக்குள்ள அலகு நுனி அசையிறது தெரியுது, உள்ளயிருக்கிறதுக்கு ஆண் வந்த சத்தம் கேட்டிருக்கு, ஏன் இன்னும் வரேல்ல எண்டு அதுக்குத் தெரியாது.

நாப்பது நிமிசம். கமராவில முதல் படத்துக்கும் கடைசிப் படத்துக்கும் நேரம் பாத்துத்தான் சொல்லுறன். கடைசியில ஆண் பழத்தோடயே மலைக்கு அங்கால போட்டுது.

திரும்பி நடக்கேக்க தம்பி ஒண்டும் கதைக்கேல்ல. வான் கிட்ட வந்தாப் பிறகுதான், "எங்க தாத்தா காலத்துல இதப் புடிச்சுத் தின்னுருக்காங்கண்ணே. அவங்களுக்குப் பசி. உங்களுக்கு என்ன?" எண்டு கேட்டவன். நான் மன்னிப்புக் கேட்டனான், அவன் ஓம் எண்டும் சொல்லேல்ல இல்லை எண்டும் சொல்லேல்ல. அடுத்த நாள் தான் மட்டும் போய் தூரத்தில நிண்டு பாத்திட்டு, ஆண் வந்து ஊட்டினதைக் கண்டனான் எண்டு லொட்ஜுக்கு வந்து சொல்லிட்டுப் போனவன், அந்தச் செய்தி எனக்குத் தேவை எண்டு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு.

ஊருக்கு வந்து ட்ரிப் நடத்துறவரோட கதைச்சனான். கூட்டுப் படம் எடுக்கக் கூட்டிக்கொண்டு போக மாட்டன், சத்தம் போட்டுக் கூப்பிட மாட்டன், படத்தில இடத்தின்ர பேர் போடக்கூடாது, இதை முதலே ஆக்களுக்கு எழுதி அனுப்புங்கோ எண்டனான். அவருக்குச் சரியான கோவம், யாவாரம் படுத்திடும் எண்டவர். உண்மையா ரெண்டு மூண்டு பேர் வராமல் விட்டவை, 600 லென்ஸ்காரரும் வரேல்ல. பேந்து 2019 சித்திரையில எங்கட நாட்டில ஈஸ்டர் குண்டு வெடிச்சது, அடுத்த வருசம் கொரோனா, 2022ல எங்கட ரூபா விழுந்து டீசல் வரிசை, ட்ரிப் எண்ட கதையே இல்லை. 2023ல திரும்பத் தொடங்கேக்க அவரே அந்தப் பேப்பரைக் கேட்டு வாங்கி அனுப்பினவர்.

கல்யாண வீட்டிலயும் கொஞ்சம் மாறிட்டன். தாலி கட்டுறதைத் திரும்பச் செய்யச் சொல்லுறதை விட்டிட்டன், ரெண்டு கமரா வச்சு ரெண்டு பக்கம் நிக்கிறம், தவறினாத் தவறினதுதான். போன வருசம் ஒரு சோடி புறாமலையில படம் வேணும், பின்னால புறாக் கூட்டம் எழும்பிப் பறக்கோணும் எண்டு கேட்டவை, மாப்பிளையின்ர தம்பி கல்லும் எடுத்திட்டான். அவனை மறிச்சு கல்லை வாங்கி வச்சிட்டு, அந்தப் பாறையில கூடு இருக்கு ராசா எண்டு காட்டினனான். புறா இல்லாமல்தான் படம் வந்தது, கல்யாணப் பொம்பிளை அதைத்தான் பெரிசாக்கி வீட்டில மாட்டியிருக்கு.

ஐப்பசியில மழை தொடங்கேக்க எங்கட கிணத்தடி வேலிக்கு ஆறுமணிக்குருவி வரும். இமயமலை அடிவாரத்திலயும் நடு இந்தியாவிலயும் குஞ்சு பொரிச்சிட்டு குளிருக்கு இஞ்சால வாறது, களைச்சுப்போய் சில நேரம் வீட்டுக்குள்ளயே விழும், ஒருக்கா ஸ்டூடியோக் கண்ணாடியில அடிபட்டு விழுந்ததை அட்டைப்பெட்டிக்குள்ள இருட்டில வச்சு பின்னேரம் விட்டனாங்கள். பேருக்கேத்த மாதிரி காலமை ஆறுக்கும் பின்னேரம் ஆறுக்கும் கூப்பிடும். இத்தனை வருசத்தில என்னட்ட அதின்ர நல்ல படம் ஒண்டும் இல்லை, தேத்தண்ணிக் கோப்பையோட கதவடியில இருந்து சத்தத்தைக் கேக்கிறது காணும்.

அந்த மரத்தைப் பற்றி வருசா வருசம் தையில தம்பியிட்ட கேப்பன். இருவாச்சி ஒரே பொந்துக்குத்தான் திரும்பத் திரும்ப வாறது. 2020ல சோடி வந்து பாத்திட்டுப் போட்டுது, இருக்கேல்ல எண்டவன். எங்களாலயோ எண்டு கேட்டனான், "தெரியலண்ணே, உள்ள ஏதும் இறங்கியிருக்கும்" எண்டவன். அடுத்த வருசம் தேனீ பொந்தைப் பிடிச்சிட்டுது. 2023ல நானே போய்ப் பாத்தனான், அதே புதருக்குப் பின்னால நிண்டு, அப்பவும் தேனீதான். இந்த முறை மாசியில அவன்ர குரல் மெசேஜ் வந்தது, "அண்ணே, தேனீ போயிருச்சு. ரெண்டு நாளா ஜோடி வந்து எட்டிப் பாக்குது. போட்டோ எடுத்து அனுப்பவா?"

படம் ஒண்டும் வேண்டாம் தம்பி, கதையைச் சொல்லு காணும் எண்டு திருப்பி அனுப்பினனான்.