கியர்பாக்ஸ் போச்சுன்னு சொன்னாங்க

போன மாசம் பாண்டிலேருந்து கடலூர் திரும்பறப்ப அரியாங்குப்பம் பாலம் தாண்டினதும் என் ஆட்டோமேட்டிக் காரு ஒரு உதை உதைச்சுது, பின்னாடி உக்காந்திருந்த அம்மா கையிலேருந்து பூ பொட்டலம் கீழ விழுந்துடுச்சு. மீட்டர்ல செக் எஞ்சின் லைட்டு. அப்புறம் எவ்ளோ மிதிச்சாலும் மூணாவது கியரை விட்டு நகரவே இல்ல. கோளாறுன்னா வண்டி தன்னை காப்பாத்திக்க ஒரே கியர்ல பூட்டிக்கும், லிம்ப் மோடுங்கறாங்களே, அதேதான். லாரிக்காரங்க ஹாரன் தாலாட்டுல வீடு வந்து சேந்தோம்.

மறுநாள் ஒரு ஒர்க்‌ஷாப்ல ஸ்கேனர் கூட சொருகாம ஒரு ரவுண்டு ஓட்டிட்டு "கியர்பாக்ஸ் போச்சு சார், இறக்கணும்"னு ஒரு லட்சத்து சொச்சம் சொன்னாங்க. வண்டியே நான் மூணரைக்கு செகண்ட்ஹாண்ட்ல வாங்கினது.

என்கிட்ட வண்டியோட கோளாறை போன்ல காட்டற ஒரு ப்ளூடூத் ஓபிடி டாங்கிள் கெடந்துச்சு, ஸ்டீயரிங் கீழ இருக்கற 16 பின் போர்ட்ல சொருகினா பி0700னு ஒரே ஒரு எரர் கோடு. நானும் பெரிய புத்திசாலி மாதிரி கிளியர் அமுக்கிட்டேன்.

அதுக்கு திருப்பாதிரிப்புலியூர்ல நமக்கு தெரிஞ்ச எலக்ட்ரீஷியன் அண்ணன்கிட்ட வாங்கி கட்டிக்கிட்டேன். "ஏன் தம்பி, சாட்சிய கொளுத்திட்டு வந்து கேஸ் நடத்த சொல்றியே?" கோடு விழுந்த நேரத்து ஸ்பீடு, ஆர்பிஎம், சூடு எல்லாம் ஃப்ரீஸ் ஃப்ரேம்ல இருக்குமாம், கோடை அழிச்சா அதுவும் போச்சு. அதுவும் இல்லாம பி0700ங்கறது வியாதி பேரே இல்ல, கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர் எஞ்சின் கம்ப்யூட்டரை கூப்ட்டு "லைட்டை போடு, மேட்டர் என்கிட்ட இருக்கு"ன்னு சொல்றது அவ்ளோதான். மேட்டரை அந்த கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர் (டிசிஎம்) உள்ள போயி கேக்கணும், நம்ம டாங்கிள் அந்த வாசலோடயே நின்னுடுது.

அண்ணனோட பெரிய ஸ்கேனரை மாட்டி சில்வர் பீச் ரோட்ல நான் ஓட்ட அவரு திரைய பாத்துக்கிட்டே வந்தாரு, ரெண்டு ரவுண்டுலயே பி0720 விழுந்துச்சு, அவுட்புட் ஸ்பீடு சென்சார். ஆனா கோடை பாத்ததும் சென்சார் வாங்கிடாதன்னாரு. லைவ் டேட்டால டர்பைன் ஸ்பீடும் (கியர்பாக்ஸ் உள்ள வர்ற சுத்து) அவுட்புட் ஸ்பீடும் (வெளிய போற சுத்து) பக்கத்து பக்கத்துல. கியர் ரேஷியோ 1.5னா டர்பைன் 1800 சுத்தறப்ப அவுட்புட் 1200 காட்டணும். காட்டுச்சு. ஒரு ஸ்பீடு பிரேக்கர் ஏறி இறங்கினோம், 1200, 1190, படக்குனு 0, திரும்ப 1210. கிளட்ச் நழுவினா டர்பைன் கணக்கு மீறி ஏறும், வண்டி 40ல உருண்டுட்டிருக்கறப்ப அவுட்புட் ஷாஃப்ட் எப்படிங்க 0 ஆகும்? அப்ப தப்பு பாக்ஸ்ல இல்ல, சென்சார் சிக்னல்லதான். எங்க வண்டில மீட்டருக்கு ஸ்பீடு சக்கரத்துல இருக்கற ஏபிஎஸ் பிரேக் சென்சார்லேருந்து வர்றதால முள்ளு ஆடவே இல்ல, இல்லன்னா நானே கண்டுபுடிச்சிருப்பேன் (சும்மா சொல்றேன்).

வண்டிய தூக்கி, எஞ்சின் ஓட விடாம கீ மட்டும் ஆன் பண்ணி, சென்சார் ஒயரை ஆட்டிப் பாத்தாரு, வோல்டேஜ் வந்து வந்து போகுது. சாக்கெட்டை கழட்டினா ஒரு பின் முழுக்க பச்சை பூத்து, தொட்டதும் மாவா உதிருது. 2024 டிசம்பர்ல ஃபெஞ்சல் புயல் மழையில தென்பெண்ணை தண்ணி ஊருக்குள்ள வந்துச்சே, அதுல நின்ன வண்டியாம், வித்தவர் இப்பதான் போன்ல ஒத்துக்கறாரு. விக்கறப்ப வாயே திறக்கல.

புது சாக்கெட், ஒயர் துண்டு, கூலி எல்லாம் சேத்து ரெண்டாயிரத்து நூறு. மூணு வாரமா கியரு வெண்ணெய் மாதிரி மாறுது. ஆயில் லெவல்தான் இன்னும் பாக்கல, இந்த பாக்ஸ்ல ஆயில் அளக்கற குச்சி (டிப்ஸ்டிக்) கிடையாது, ஸ்கேனர்ல ஆயில் சூட்டை பாத்து சரியான டிகிரில லெவல் பாக்கற பிளக்கை திறக்கணுமாம். நேத்து போனேன், அண்ணன் முகூர்த்தம்னு கடைய மூடிட்டு பண்ருட்டி போயிருக்காரு.